அல்கோடூவுல நிஜமா வேலை செய்யற ஃப்ரிட்ஜ்: மோட்டாரை நிறுத்தினாலும் பெட்டி குளிருது, ஏன்?

#1 குளிர்முனை

வணக்கம் மக்களே. அல்கோடூங்கற 2டி இயற்பியல் சிமுலேஷன் கேம்ல ஒரு ஃப்ரிட்ஜ் கட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. டப்பா வரைஞ்சு நீல கலர் அடிக்கிற வேலை இல்ல, உள்ள இருக்கற வெப்பத்தை நிஜமாவே அள்ளி வெளிய கொண்டுபோய் கொட்டணும். இதுல டெம்பரேச்சர்னு ஒரு செட்டிங்கே கிடையாதுங்கறதால சின்னச் சின்ன வட்டங்களை கேஸ் மூலக்கூறா வச்சுக்கிட்டேன், அதுங்களோட சராசரி இயக்க ஆற்றல்தான் டெம்பரேச்சர்.

வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கற அதே நாலு பாகம்தான் போட்டேன். மோட்டார் வச்ச பிஸ்டன் கம்ப்ரஸர், வளைஞ்சு வளைஞ்சு போற நீளக் குழாய் கண்டென்ஸர், ஒரு பந்து மட்டும் நுழையற மாதிரி ஒரு இடுக்கு, அதுதான் கேப்பிலரி ட்யூப், அதுக்கப்புறம் பெட்டி. கிராவிட்டி ஆஃப், காத்துத் தடை ஆஃப்.

ஓட விட்டா பெட்டிக்குள்ள பந்துங்க மெதுவாகுது, சரி வேலை செய்யுதுன்னு பார்த்தா வெளிய கண்டென்ஸர்லயும் மெதுவாகுது. அப்புறம் மோட்டாரை நிறுத்திட்டு சும்மா விட்டுப் பார்த்தேன், அப்பவும் பெட்டி குளிர்ந்துக்கிட்டே போகுது! கம்ப்ரஸரே ஓடாம ஒரு ஃப்ரிட்ஜ் எப்படி குளிரும்? இன்னொண்ணு, இடுக்கைத் தாண்டி வர்ற கேஸ் ஜில்லுனு ஆகணுமே, ஒண்ணுமே ஆகல. யாராவது இதுல வேலை பண்ணியிருந்தா சொல்லுங்க.

#2 எலாஸ்டிக்

பந்துங்களோட மெட்டீரியல்ல ரெஸ்டிடியூஷன், அதாவது மோதினப்புறம் மிஞ்சற வேகத்தோட பங்கு, எவ்வளவு வச்சிருக்கீங்க? அது 1 இல்லன்னா நீங்க பார்க்கறது ஃப்ரிட்ஜ் இல்ல, ஆற்றல் எங்கயுமே போகாம அப்படியே அழிஞ்சு போறது. ரெஸ்டிடியூஷன் 0.5ன்னா ஒவ்வொரு மோதல்லயும் நேருக்கு நேர் வர்ற வேகத்துல இருக்கற ஆற்றல்ல 75 சதவீதம் காலி, ஏன்னா மிஞ்சறது 0.5ஓட வர்க்கம், அதாவது 0.25 பங்குதான். நிஜ உலகத்துல அந்த ஆற்றல் பந்தோட உள் அணுக்களுக்கு வெப்பமா போகும், கேம்ல பந்துக்கு உள்ள ஒண்ணும் கிடையாது, அதனால கணக்குல இருந்தே போயிடுது.

இயற்பியல்ல இப்படிப்பட்ட கூட்டத்துக்கு கிரானுலர் கேஸ்னு பேர். அது தானா எப்படி குளிரும்னு 1983லயே ஹாஃப்ங்கறவர் விதி எழுதியிருக்கார், ரொம்ப நேரம் போனப்புறம் டெம்பரேச்சர் காலத்தோட வர்க்கத்துக்கு எதிர் விகிதத்துல இறங்கும். உங்க மோட்டார் நின்ன கிராஃபை எடுத்துப் பாருங்க, முதல்ல சரசரன்னு இறங்கி அப்புறம் நீளமா வால் இழுக்கும். அது ஹாஃப் விதிதான்.

ரெஸ்டிடியூஷன் 1, உராய்வு 0. பந்துக்கு மட்டும் இல்ல, சுவர், பிஸ்டன், இடுக்கு எல்லாத்துக்கும். சிமுலேஷன் ஃப்ரீக்வன்ஸியையும் ஏத்துங்க, வேகமான பந்து ஒரே ஸ்டெப்ல இன்னொரு பந்துக்குள்ள ஆழமா நுழைஞ்சிட்டா சால்வர், அதாவது மோதலைக் கணக்குப் போடற பகுதி, அதை வெளிய தள்ளறப்போ ஆற்றல் கூடவோ குறையவோ செய்யும். எல்லாம் மாத்தினதும் முதல் வேலையா மோட்டாரை நிறுத்தி வச்சு மொத்த ஆற்றல் கிராஃபைப் பாருங்க. அது தட்டையா போகாம வேற எதையும் நம்பக்கூடாது.

#3 குளிர்முனை

மாத்திட்டேன். மோட்டார் நின்னா இப்ப கிராஃப் கிட்டத்தட்ட தட்டை. ஆனா ஓட விட்டா பெட்டி சூடாகுது! பிஸ்டன் தள்ளத் தள்ள மொத்தமும் சூடு ஏறுது, கண்டென்ஸர், பெட்டி ரெண்டும் ஒண்ணா ஏறுது. இடுக்கு கிட்ட எந்த மாற்றமும் இல்ல, முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரே சராசரி.

#4 மணல்பெட்டி

ப்ரோ இதுக்கு ஏன் அல்கோடூ? பவுடர் டாய்ங்கற கேம்ல ஒவ்வொரு துகளுக்கும் டெம்பரேச்சர் தனியா இருக்கு, வெப்பம் கடத்தற மெட்டீரியல், கடத்தாத மெட்டீரியல், கரன்ட் குடுத்தா மட்டும் வெப்பம் விடற ஸ்விட்ச் எல்லாம் ரெடியா இருக்கு. இல்லன்னா ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட் கேம்ல திரவத்தைக் குளிர வைக்கற தெர்மோ அக்வாட்யூனர் மெஷின் வச்சா நேரா குளிர்ந்த தண்ணி வந்துடும், நான் என் காலனி முழுக்க அப்படித்தான் குளிர வச்சிருக்கேன். ஸ்டீல்ல கட்டி நீராவி ரூம்ல போட்டு மேல டர்பைன் வச்சா பிரச்சனையே இல்ல.

#5 ரெண்டாம்விதி

மணல்பெட்டி, ரெண்டுமே எனக்கும் பிடிச்ச கேம், ஆனா இவர் கேக்கறது வேற. பவுடர் டாய்ல திரவம் ஆவியாகும் ஆனா நாம இறக்கற சாதாரண பில்டுல மறைவெப்பக் கணக்கு கிடையாது. தண்ணி 100 டிகிரியைத் தாண்டினா நீராவியா மாறிடும், அவ்வளவுதான், அதுக்குன்னு சுத்தி இருக்கறதுகிட்ட இருந்து வெப்பத்தை இழுக்காது. வீட்டு ஃப்ரிட்ஜோட உயிரே அந்த இழுப்புதான்.

அக்வாட்யூனர் கணக்கைப் போட்டுப் பாருங்க. வினாடிக்கு 10 கிலோ தண்ணி உள்ள போகுது, 14 டிகிரி குறைஞ்சு வெளிய வருது. தண்ணியோட தன்வெப்பம் கிலோவுக்கு 4.179 கிலோஜூல், ஆக வினாடிக்கு 585 கிலோஜூல் அள்ளி மெஷின் உடம்புல ஏத்துது. சாப்பிடற கரன்ட் 1200 வாட்தான். 585ஐ 1.2ஆல வகுத்தா 487 வருது. ஃப்ரிட்ஜோட செயல்திறன் எண், அதாவது அள்ளின வெப்பத்தை செலவழிச்ச வேலையால வகுத்து வர்ற சிஓபி, 487! நிஜத்துல பெட்டி 4 டிகிரி, அறை 30 டிகிரின்னா எந்த ஃப்ரிட்ஜாலயும் தாண்ட முடியாத கார்னோ எல்லையே, பெட்டியோட கெல்வின் டெம்பரேச்சர் 277ஐ வித்தியாசம் 26ஆல வகுத்தா வர்ற 10.65தான். கேம் ஆடறதுக்கு 14 டிகிரி விதி ரொம்ப நல்ல விதி, ஆனா அங்க ஃப்ரிட்ஜ் ஏன் வேலை செய்யுதுங்கறதுக்கு பதிலே இல்ல, டெவலப்பர் அப்படி எழுதி வச்சிருக்கார்னு மட்டும்தான் பதில்.

அல்கோடூவுல யாரும் குளிர்னு ஒரு வரி எழுதி வைக்கல. மோதல் மட்டும்தான் இருக்கு. அதுல இருந்து குளிர் வந்தா அது நியூட்டன் விதியில இருந்தே வந்த குளிர். அதனாலதான் இது செய்யத் தகுந்த வேலைன்னு நினைக்கிறேன்.

#6 எலாஸ்டிக்

குளிர்முனை, உங்க ரெண்டாவது பிரச்சனைக்கு வர்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

வீட்டு ஃப்ரிட்ஜ்ல கேப்பிலரி ட்யூப் தாண்டினதும் ஜில்லுனு ஆகறதுக்குக் காரணம் அங்க திரவம் ஆவியாகறது. ஆர்-134ஏங்கற ரெஃப்ரிஜரன்ட் சாதாரண அழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியில கொதிக்கும், ஒரு கிலோ ஆவியாக சுமார் 217 கிலோஜூல் கேக்கும். மூலக்கூறுங்க ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கறதாலதான் பிரிக்க அவ்வளவு ஆற்றல் வேணும். உங்க பந்துங்களுக்கு நடுவுல இழுப்பே இல்ல. இழுப்பு இல்லாத இடத்துல திரவம் கிடையாது, மறைவெப்பமும் கிடையாது.

அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. சும்மா இடுக்கு வழியா விரிஞ்சா உங்க கேஸ் குளிரவே வாய்ப்பில்ல. பந்து இடுக்கைத் தாண்டறப்போ யார் மேலயும் வேலை செய்யல, எந்த வேகத்துல வந்துச்சோ அதே வேகத்துல போகுது. விடாம அழுத்தித் தள்ளி இடுக்கு வழியா அனுப்பினா கொஞ்சம் சூடே ஆகும், கெட்டியான பந்து கேஸுக்கு ஜூல் தாம்சன் விளைவு, அதாவது இப்படி விரியறப்போ வர்ற டெம்பரேச்சர் மாற்றம், எப்பவும் அந்தப் பக்கம்தான். ஆக இந்த உலகத்துல கேப்பிலரி ட்யூபை நம்பி ஃப்ரிட்ஜ் கட்டவே முடியாது, அதைத் தூக்கிடுங்க.

குளிர வைக்க ஒரே வழி, கேஸை வேலை செய்ய வைக்கறது. பிஸ்டன் பின்வாங்கணும், பந்து அதைத் தள்ளிக்கிட்டே போகணும். ஒரே ஒரு பந்தைப் பாருங்க. வேகம் 10, எதிர்ல கனமான பிஸ்டன் 1 வேகத்துல வருது. மோதித் திரும்பறப்போ பந்தோட வேகம் 12. ஆற்றல் 100ல இருந்து 144 ஆகுது. அதே பிஸ்டன் 1 வேகத்துல விலகிப் போனா பந்து 8 வேகத்துல திரும்பும், ஆற்றல் 64. அமுக்கினா சூடு, விரிச்சா குளிர்னு நாம படிச்சதெல்லாம் இந்த ரெண்டு மோதல்தான். இதை ஸ்லோ மோஷன்ல வச்சு ஒரு தடவை பாருங்க, எனக்கு வெப்ப இயக்கவியல்ல இதைவிட அழகான காட்சி தெரியாது.

இப்ப சுழற்சி. ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், நாலு படி. வெப்பத் தொடர்பு எதுவும் இல்லாம அமுக்கறது, கேஸ் அறையை விட சூடாகும். அப்படியே பிடிச்சு வச்சு அறையோட தொடர்பைத் திறக்கறது, சூடு வெளிய போகும். தொடர்பை மூடிட்டு விரிக்கறது, கேஸ் பெட்டியை விடவும் குளிரும். கடைசியா பெட்டியோட தொடர்பைத் திறக்கறது, பெட்டியில இருந்து வெப்பம் உள்ள வரும். திரும்ப முதல்ல இருந்து. திரவமே இல்லாம காத்தை மட்டும் வச்சு ஐஸ் செய்யற மெஷினுக்கு ஜான் கோரிங்கற டாக்டர் 1851ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கியிருக்கார், விமானத்துல இன்னைக்கும் காத்தை அமுக்கி விரிச்சுத்தான் ஏசி ஓடுது. கேப்பிலரி ட்யூபும் ரெஃப்ரிஜரன்டும் இல்லாத ஃப்ரிட்ஜ் நிஜமான ஃப்ரிட்ஜ்தான்.

உங்களுக்கு சாதகமா ஒரு விஷயம் இருக்கு, அல்கோடூ 2டி. ஹீலியம் மாதிரி ஒற்றை அணு கேஸை 3டியில பாதி இடத்துக்கு அமுக்கினா கெல்வின் கணக்குல டெம்பரேச்சர் 1.59 மடங்குதான் ஆகும். 2டியில பந்து ரெண்டு திசையில மட்டும்தான் ஓடும், அமுக்கினா எவ்வளவு சூடாகும்னு சொல்ற காமாங்கற எண் 2, அதனால டெம்பரேச்சரும் பரப்பும் நேர் எதிர் விகிதம். பாதியா அமுக்கினா டெம்பரேச்சர் சரியா ரெட்டிப்பு. கணக்கு மனசுலயே போட்டுடலாம்.

அறை 300 யூனிட், பெட்டி 270 யூனிட், அமுக்கற விகிதம் 1.5ன்னு வைங்க. 270ல இருந்து அமுக்கினா 405. அறைகிட்ட 105 குடுத்துட்டு 300க்கு வரும். விரிச்சா 200. பெட்டியில இருந்து 70 வாங்கிட்டு மறுபடி 270. 105 வெளிய போச்சு, 70 உள்ள வந்துச்சு, நடுவுல இருக்கற 35 பிஸ்டன் செஞ்ச வேலை. சிஓபி 2. விகிதத்தை 1.2 ஆக்கினா சிஓபி 5 ஆகும், ஆனா ஒரு சுத்துக்கு 20 யூனிட்தான் அள்ளும். இதுல எது வேணும்ங்கறது உங்க இஷ்டம். 300ஐ 270ஆல வகுத்து வர்ற 1.11க்குக் கீழ மட்டும் போகாதீங்க, அங்க ஃப்ரிட்ஜ் தலைகீழா பெட்டிக்கு வெப்பத்தை ஏத்த ஆரம்பிச்சிடும்.

பிஸ்டன் வேகம் முக்கியம். பந்துங்களோட சராசரி வேகத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போக வேண்டாம். வெடுக்குனு பின்னாடி இழுத்தா பந்து பிஸ்டனைத் தொடவே தொடாது, தொடலன்னா வேலை இல்ல, வேலை இல்லன்னா குளிர் இல்ல.

#7 குளிர்முனை

அருமை, இந்த 10, 12, 8 கணக்கு மண்டையில பளிச்சுனு ஏறிடுச்சு. ரெண்டு கேள்வி. ஒண்ணு, மெட்டீரியல்ல அட்ராக்‌ஷன்னு ஒரு ஸ்லைடர் இருக்கே, அதை ஏத்தினா இழுப்பு வருமே, திரவம் வராதா? ரெண்டு, தொடர்பைத் திறக்கறது மூடறதுன்னு சொல்றீங்க, கேஸ் கலக்காம வெப்பம் மட்டும் சுவர் வழியா போக என்ன செய்யணும்?

#8 எலாஸ்டிக்

அந்த ஸ்லைடர் ஈர்ப்பு விசை மாதிரி தூரத்துக்கும் எட்டும். நிஜ மூலக்கூறோட இழுப்பு ஒண்ணு ரெண்டு மூலக்கூறு அகலம் தாண்டினா கிட்டத்தட்ட தீர்ந்துடும். தூரத்து இழுப்புல எல்லா பந்தும் பெட்டி நடுவுல ஒரே கட்டியா போய் உக்காரும், குழாய்க்குள்ள ஓடற திரவம் கிடைக்காது. ரெண்டாவது கேள்வியை சுருள்வில்தான் நல்லா சொல்வார், அவர் வெப்பக் கடத்தி சுவர் கட்டி நான் பார்த்திருக்கேன்.

#9 சுருள்வில்

கூப்பிட்டதுக்கு நன்றி. பேக்கிரவுண்டோட ஒட்டின, ரெஸ்டிடியூஷன் 1 இருக்கற அசையாத சுவர் தானாவே முழு இன்சுலேட்டர். பந்து வந்த வேகத்துல திரும்பிடும், ஒரு துளி ஆற்றல்கூட அந்தப் பக்கம் போகாது. ஆக இன்சுலேஷன் இலவசம், கஷ்டம் எல்லாம் கடத்தறதுலதான்.

நான் கட்டறது இப்படி. சுவர்ல வரிசையா சின்னத் துளைங்க, ஒவ்வொரு துளையிலயும் ஒரு வட்டு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும், நடுவுல ஒரு ஸ்பிரிங் அதைப் பிடிச்சிருக்கும். இந்தப் பக்கம் இருந்து பந்து இடிச்சா வட்டு ஆடும், ஆடற வட்டு அந்தப் பக்க பந்தை இடிக்கும். துளையை வட்டு அடைச்சிருக்கறதால கேஸ் கலக்காது.

கவனிக்க வேண்டியது, வட்டோட எடை பந்தோட எடைக்கு சமமா இருக்கணும். சம எடை ரெண்டும் நேருக்கு நேர் மோதினா வேகத்தை அப்படியே மாத்திக்கும், அதுதான் அதிகபட்ச கடத்தல். வட்டை கனமாக்கினா அது வெறும் சுவர் ஆயிடும், பந்து திரும்பிப் போயிடும். ஸ்பிரிங் டேம்பிங்கை, அதாவது ஆட்டத்தைத் தணிக்கற அளவை, கட்டாயம் 0 ஆக்குங்க, டிஃபால்ட்டா விட்டா ஸ்பிரிங் ஆற்றலைத் தின்னுடும், மறுபடி முதல் போஸ்ட்ல இருந்த நிலைமைதான். ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கமாவும் வைக்காதீங்க, ஒரு மோதல் முடியறதுக்குள்ள வட்டு திரும்ப வந்து அதே பந்தை அடிச்சு வாங்கின ஆற்றலைத் திருப்பிக் குடுத்துடும்.

மூடறதுக்கு வட்டு வரிசைக்கு முன்னாடி ஒரு கெட்டிப் பலகையை நகர்த்தி விடுங்க, இன்சுலேஷன் ரெடி. பலகை சுவரை ஒட்டியே பக்கவாட்டுல போகணும், கேஸை நோக்கித் தள்ளினா அதுவும் ஒரு பிஸ்டன் ஆகி கணக்கைக் கெடுக்கும்.

#10 வாசல்காவல்

இவ்வளவு கஷ்டம் எதுக்கு, பெட்டிக்கும் அறைக்கும் நடுவுல ஒரு சின்னக் கதவு. வேகமான பந்து உள்ள இருந்து வந்தா தள்ளித் திறந்துக்கிட்டு வெளிய போகும், மெதுவான பந்தால திறக்க முடியாது. வெளிய இருந்து தள்ளினா கதவு சட்டத்துல மோதி நிக்கும். லேசான ஸ்பிரிங் கதவு போதும். மோட்டார் வேண்டாம், பிஸ்டன் வேண்டாம், பெட்டி தானா குளிரும். நான் செஞ்சு பார்த்தேன், வேலை செஞ்சுது.

#11 ரெண்டாம்விதி

உங்க ஸ்பிரிங்ல டேம்பிங் இருந்திருக்கும். இது இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1867ல கடிதத்துல எழுதின யோசனை மாதிரியேதான், அவர் வாசல்ல ஒரு புத்திசாலி குட்டி ஜீவனை நிறுத்தினார். ஜீவனுக்கு பதிலா தானா திறக்கற ஸ்பிரிங் கதவு போட்டா என்ன ஆகும்னு ஸ்மோலுசோவ்ஸ்கி 1912ல யோசிச்சு முடிச்சிட்டார். கதவும் ஒரு பொருள்தானே, பந்துங்க இடிக்க இடிக்க அதுவும் சூடாகும், அதாவது ஆட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்துல பந்துங்களுக்கு இருக்கற அதே சராசரி ஆற்றல் கதவுக்கும் வந்துடும், அப்புறம் கதவு தன்னால திறந்து திறந்து மூடும், அந்த நேரத்துல வெளிய இருந்து எவ்வளவு பந்து வேணும்னாலும் உள்ள வரும். ரெண்டு பக்கக் கணக்கும் சமன்.

டேம்பிங் இருந்தா கதவோட ஆட்டத்தை அது அப்பப்போ அழிச்சிடும், கதவு எப்பவும் ஜில்லுனு இருக்கும், அதனால வேலை செய்யும். அப்ப உங்க ஃப்ரிட்ஜை ஓட்டினது கதவு இல்ல, ஆற்றலைக் காணாம போக்கற அந்த ஸ்பிரிங். டேம்பிங் 0 வச்சு ரொம்ப நேரம் ஓட விடுங்க, அல்கோடூவுல செய்ய வேண்டிய சோதனைகள்ல இது முதல் வரிசை.

#12 வாசல்காவல்

டேம்பிங் 0 வச்சு ஓட விட்டேன். ஆரம்பத்துல லேசா வித்தியாசம் காட்டுச்சு, அப்புறம் கதவு படபடன்னு அடிச்சுக்க ஆரம்பிச்சுது, ரெண்டு பக்கமும் சமமாயிடுச்சு. கதவு சூடாகறதைக் கண்ணால பார்க்க முடியும்னு நினைக்கவே இல்ல. சரி, அல்கோடூவோட தைம் ஸ்கிரிப்ட்ல எழுதி, வேகமான பந்து வந்தா மட்டும் கதவோட கொலிஷன் லேயரை (எது எதோட மோதணும்ங்கற செட்டிங்) மாத்தினா?

#13 ரெண்டாம்விதி

அது வேலை செய்யும், ஏன்னா உங்க ஸ்கிரிப்ட்டுக்கு சூடே கிடையாது. ஒவ்வொரு பந்தோட வேகத்தையும் படிச்சு, முடிவெடுத்து, மறக்கறது எல்லாம் கேம் உலகத்துக்கு வெளிய, உங்க ப்ராசஸர்ல நடக்குது. அந்த மறக்கற வேலைக்கு குறைந்தபட்ச வெப்ப விலை உண்டுன்னு லாண்டவர் 1961ல காட்டினார். அந்த விலையை உங்க கம்ப்யூட்டரோட ஃபேன் வெளிய ஊதிக்கிட்டு இருக்கு. கேமுக்குள்ள மட்டும் கணக்குப் பார்த்தா ஃப்ரிட்ஜ் ஓசியில ஓடற மாதிரி தெரியும்.

#14 குளிர்முனை

ஸ்கிரிப்ட்னு வந்ததால கேக்கறேன். என் அறையில பந்து கம்மி, ஃப்ரிட்ஜ் ஓடினா அறையே சூடாயிடுது. அறைச் சுவர்ல மோதற பந்துக்கு 300 யூனிட்டுக்கு ஏத்த வேகத்தை ஸ்கிரிப்ட்டே குடுக்கற மாதிரி வச்சா அறை எப்பவும் 300லயே இருக்கும். இது ஏமாத்து வேலையா?

#15 ரெண்டாம்விதி

என்னைக் கேட்டா கூடாது. ஒரு இடத்துல ஸ்கிரிப்ட்டை விட்டா அப்புறம் அந்தக் குளிர் மோதல்ல இருந்து வந்துச்சா ஸ்கிரிப்ட்ல இருந்து வந்துச்சான்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது.

#16 எலாஸ்டிக்

எனக்கு இதுல உடன்பாடு இல்ல. நிஜ ஃப்ரிட்ஜுக்கும் வெளிய ஒரு பெரிய உலகம் இருக்கு, அது சூடாகறது தெரியாத அளவுக்குப் பெருசு. அந்த எல்லையில்லாத அறைக்கு பதிலா ஒரு ஸ்கிரிப்ட் சுவர் வைக்கறது ஆராய்ச்சி சிமுலேஷன்கள்ல வழக்கமா செய்யற காரியம். பெட்டிப் பக்கமும் சிலிண்டர்லயும் ஸ்கிரிப்ட் தொடாம இருந்தா போதும். அறை 300ல இருக்கு, பெட்டி அதுக்குக் கீழ போகுதுன்னா அந்த வித்தியாசம் முழுக்க பிஸ்டனோட உழைப்பு.

ஆனா ஸ்கிரிப்ட்டை சரியா எழுதணும், பெரும்பாலானவங்க வழுக்கற இடம் இது. சுவரை ஒட்டிப் போற திசைக்கு சாதாரண மணி வளைவு ரேண்டம் எண் சரி. சுவருக்கு செங்குத்தான திசைக்கு அதையே போட்டா கேஸ் 300க்குக் கீழதான் நிக்கும், ஏன்னா வேகமான பந்துங்க சுவரை அடிக்கடி அடிக்கும், திரும்பற பந்துங்கள்லயும் வேகமானதுக்கு அந்தப் பங்கு கிடைக்கணும். செங்குத்து வேகத்துக்கு 0க்கும் 1க்கும் நடுவுல ஒரு ரேண்டம் எண் எடுத்து, அதோட இயல் மடக்கையை மைனஸ் 2ஆல பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஒரு திசைக்கான சராசரி வர்க்க வேகத்தோட மூலத்தால பெருக்குங்க. இதை விட்டா உங்க அறைச் சுவரே ஒரு ரகசிய ஃப்ரிட்ஜ் ஆயிடும், அப்ப ரெண்டாம்விதி பயப்படற அதேதான் நடக்கும்.

#17 ரெண்டாம்விதி

அப்படின்னா ஒரு நிபந்தனையோட ஒத்துக்கறேன். ஸ்கிரிப்ட் சுவர் ஆன்ல இருக்கட்டும், பிஸ்டன் நிக்கட்டும், ரெண்டு தொடர்பும் திறந்திருக்கட்டும். பெட்டி சரியா 300க்கு வந்து நின்னா அந்தச் சுவர் நேர்மையானது. அப்புறம் மோட்டாரைப் போடுங்க.

இன்னொரு விஷயம், பெட்டிக்குள்ள 100 பந்துதான் இருக்குன்னா சுவர் வழியா பரிமாற்றம் நடக்கறப்போ அதோட டெம்பரேச்சர் சுமார் 10 சதவீதம் மேல கீழ ஆடிக்கிட்டே இருக்கும், ஒண்ணை பந்து எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுக்கணும். 300ல 10 சதவீதம் 30. நீங்க எதிர்பார்க்கற குளிரே 30தான். ஒரு நொடி பார்த்துட்டு குளிர்ந்துடுச்சுன்னு சொன்னா அர்த்தமே இல்ல, 400 பந்து போட்டாலும் ஆட்டம் 5 சதவீதம். பல சுழற்சிக்கு சராசரி எடுத்துத்தான் பேசணும்.

#18 குளிர்முனை

கட்டிட்டேன், ஓடுது! வரிசையா சொல்றேன்.

பெட்டியில 400 பந்து, சிலிண்டர்ல அதைவிடக் கம்மி. ரெண்டு பக்கமும் சுருள்வில் சொன்ன வட்டுச் சுவர். பிஸ்டனும் ரெண்டு பலகையும் தைம்ல ஒரே கடிகாரத்துல ஓடுது. முதல்ல மோட்டார் நிறுத்திப் பார்த்தேன், நீண்ட சராசரி 300ஐ விட ஒரு முடி கீழ, சால்வர் தின்னற கொஞ்ச ஆற்றல் அதுன்னு நினைக்கிறேன், ஃப்ரீக்வன்ஸி ஏத்தினா அந்த இடைவெளி சுருங்குது. அப்புறம் விகிதம் 1.5ல மோட்டாரைப் போட்டேன். சராசரி மெதுவா இறங்கி 250க்கும் 260க்கும் நடுவுல வந்து நின்னுடுச்சு. 200 வரைக்கும் போகும்னு கணக்கு சொல்லுதே, ஏன் நின்னுச்சு?

ஒரு காட்சி மட்டும் சொல்லியே ஆகணும். விரிக்கற படி முடியறப்போ சிலிண்டர்ல பந்துங்க சோம்பலா மிதக்குது, பலகை விலகுது, பெட்டிப் பக்கம் இருந்து வட்டுங்க துடிக்குது, அந்தத் துடிப்பு சிலிண்டருக்குள்ள பரவி சோம்பலா இருந்த பந்துங்க ஒவ்வொண்ணா முழிச்சுக்குது. வெப்பம் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போறதை வரிசையா, வட்டு வட்டா பார்த்தேன்.

#19 சுருள்வில்

எனக்குத் தோணறது மூணு. தொடர்பு திறந்திருக்கற நேரம் போதல, கேஸ் அறைகிட்ட முழுசா 300க்கு வர்றதுக்குள்ள பலகை மூடிடுது, அப்ப விரிச்சாலும் 200க்கு வராது. ரெண்டாவது, பலகைக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அங்க மாட்டிக்கிற பந்துங்க வட்டையும் பலகையையும் மாறி மாறி இடிச்சு தேவையில்லாத கடத்தலைக் குடுக்கும், இடைவெளியைப் பந்து அகலத்தை விடக் குறைங்க. மூணாவது, பெட்டிக்கும் அறைக்கும் நேரடியா ஏதாவது கசிவு இருக்கான்னு பாருங்க, பெட்டியோட நாலு சுவரும் பேக்கிரவுண்டோட ஒட்டியிருக்கா?

#20 குளிர்முனை

நாலுல ஒரு சுவர் ஒட்டாம ஹிஞ்ச்ல நின்னுக்கிட்டு இருக்கு, அதுதான் ஃப்ரிட்ஜ் கதவு. பந்து இடிக்க இடிக்க அது லேசா ஆடுது, வெளிய இருந்தும் ஆடுது, அது வழியா வெப்பம் உள்ள வருது. கதவைப் பூட்டி, தொடர்பு நேரத்தையும் ரெட்டிப்பாக்கினதும் 230க்குக் கீழ போயிடுச்சு, இன்னும் இறங்குது.

கதவு இருக்கறதால இன்னொரு சோதனையும் செஞ்சேன். ஸ்கிரிப்ட் சுவரை ஆஃப் பண்ணிட்டு, அறையை முழுக்க இன்சுலேட் பண்ணி, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து விட்டு மோட்டாரை ஓட்டினேன். அறை குளிரல. மொத்த ஆற்றல் கோடு நேரா ஏறுது, அந்த ஏற்றத்தையும் பிஸ்டன் மேல மோட்டார் செய்யற வேலையையும் தனித்தனியா பிளாட் பண்ணி ஒண்ணு மேல ஒண்ணு வச்சா ரெண்டும் ஒட்டிக்கிட்டுப் போகுது.

#21 ரெண்டாம்விதி

ரெண்டு கோடும் ஒட்டிப் போகுதுன்னா ஸ்கிரிப்ட்டைப் பத்தி எனக்கு இனி ஆட்சேபணை இல்ல. சீனை அப்லோட் பண்றப்போ மோட்டார் நிறுத்தின ரன், கதவு திறந்த ரன் ரெண்டோட பிளாட்டையும் கூடவே போடுங்க. பார்க்கறவங்க முதல்ல கேக்கறது அதுதான்.

#22 எலாஸ்டிக்

சிஓபியையும் அளந்து போடுங்க. விகிதம் 1.5க்கு 2 வரணும். பிஸ்டன் வேகத்தைப் பாதியாக்கி ஒரு ரன், ரெட்டிப்பாக்கி ஒரு ரன். வேகம் ஏற ஏற சிஓபி 2க்குக் கீழ எப்படி சரியுதுன்னு அந்த வளைவைப் பார்க்க ஆவலா இருக்கு. அது முடிஞ்சதும் ரெண்டு ஃப்ரிட்ஜை அடுக்கி, முதலாவதோட பெட்டியையே ரெண்டாவதுக்கு அறையா வைக்கலாம். எடை சமமான வட்டுச் சுவர்தான் நடுவுல வேணும், சுருள்வில் அளவுகளைக் குடுத்தா நானே அந்தப் பாகத்தைக் கட்டி அனுப்பறேன்.

#23 சுருள்வில்

வட்டோட விட்டம் பந்தோட விட்டத்துக்கு ஒன்றரை மடங்கு, எடை சமமா வர்றதுக்கு டென்சிட்டியை 2.25ஆல வகுத்து வைங்க. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கலாம்ங்கறது உங்க சீனோட பந்து வேகத்தைப் பொறுத்தது, அதனால 300 யூனிட்ல ஒரு பந்து ரெண்டு மோதலுக்கு நடுவுல எவ்வளவு நேரம் ஓடுதுன்னு சொல்லுங்க, கணக்குப் போட்டுத் தர்றேன்.